பதினேழாம் போர்ட்டின் பச்சை விளக்கு

"லைட்டு எரியுதே கலை, அப்புறம் ஏன் பேச மாட்டேங்குது?"

நூரீன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். நல்ல கேள்வி. எங்கள் அலுவலகத்தில் அதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை. போன் வேலை செய்யாவிட்டால், "ஏ பொண்ணு, இது ஊமையாயிடுச்சு, வந்து பாரு" என்பார்கள். ஊமை என்று சொல்லும்போது போனை ஒருமுறை பார்ப்பார்கள், என்னை ஒருமுறை பார்ப்பார்கள். பிறகு சிரிப்பார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எல்லாவற்றையும் எழுதச் சொன்னீர்கள் என்பதால் இதையும் எழுதுகிறேன்.

போலீஸ் ஸ்டேஷனில், எழுதித் தரட்டுமா என்று நான் சைகையில் கேட்டதும் சரி என்றீர்கள், மேடம். நன்றி. எனக்கு ஆள் முன்னால் பேச்சு வராது. பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். நின்றேன், வாசிக்கவில்லை. மறுநாளும் நிற்கச் சொன்னார்கள். அதன் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை. கேபிள் இழுக்கும் வேலைக்குப் போனேன். கேபிளோடு பேச வேண்டியதில்லை.

எங்கள் அலுவலகம் உப்பளத்தில், பழைய துறைமுகம் போகும் சாலையில், மாடியில் இருக்கிறது. பிள்ளைகள் பிரான்சில் இருக்க, இங்கே தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு ஒரு பொத்தானைக் கயிற்றில் கோத்துக் கொடுத்திருப்போம். கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். விழுந்துவிட்டாலோ நெஞ்சு வலித்தாலோ அமுக்கினால் எங்கள் கூடத்தில் போன் அடிக்கும். எடுப்பவர்கள் விசாரித்து, ஆம்புலன்சுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்வார்கள். பெரும்பாலும் சொல்தா வீட்டுக்காரர்கள், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களின் குடும்பம். பாதி பிரெஞ்சு, பாதி தமிழ் என்று பேசுவார்கள். நூரீனுக்கு இரண்டும் வரும். அதனால்தான் அவளை வேலைக்கு எடுத்தார்கள்.

அந்தப் போன்களெல்லாம் வந்து சேரும் பெட்டிக்குப் பெயர் சுவிட்ச். வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு போர்ட். ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு பிரிவு எண் கொடுத்துப் பிரித்து வைப்போம். அந்தப் பிரிவைத்தான் வீலேன் என்கிறோம். நான் குடியிருக்கும் வீடு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தெருக்கதவு ஒன்று, குழாய் ஒன்று, உள்ளே பல குடித்தனம். ஒரு குடித்தனத்துப் பேச்சு இன்னொரு குடித்தனத்துக்குப் போகாது. கம்ப்யூட்டர்கள் ஒரு குடித்தனம், கேமராக்கள் ஒரு குடித்தனம், போன்கள் ஒரு குடித்தனம்.

ஒரு போனைத் தப்பான குடித்தனத்தில் விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் நூரீன் கேட்ட கேள்விக்குப் பதில். வயர் நன்றாக இருக்கும். அதே வயர் வழியாகப் போனுக்கு மின்சாரமும் போய்க்கொண்டிருக்கும். பச்சை விளக்கு எரியும். ஆனால் அது கூப்பிடுவது யாருக்கும் கேட்காது. யார் கூப்பிடுவதும் அதற்குக் கேட்காது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது. அன்று யாரோ மேசையை மாற்றும்போது அவள் போன் வயரைக் கேமரா போர்ட்டில் செருகியிருந்தார்கள். நான் பார்த்து, பதினேழாம் போர்ட்டுக்கு மாற்றினேன். பேசியது.

வழக்கமாக மற்றவர்கள் அவ்வளவில் போய்விடுவார்கள். நூரீன் என் பின்னாலேயே சுவிட்ச் அறைக்குள் வந்தாள். அது முன்பு சாமான் போட்டுவைத்த அறை. ஏசி மட்டும் எப்போதும் ஓடும்.

"இன்னா குளிருடி இது. ஃப்ரிட்ஜுக்குள்ள குடித்தனம் பண்றியா நீ?"

காலி அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். தானாகவே பேசினாள். அவள் அண்ணன் ஹிதாயத்துல்லா மோட்டார் கடை வைத்திருப்பது, அம்மாவுக்கு முட்டி வலி, தவளக்குப்பத்தில் அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை போனில் தும்மிக்கொண்டே இருந்தது. நான் பதில் சொல்லவில்லை என்பதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. மறுநாள் மதியம் டப்பாவோடு வந்தாள். நெய்ச்சோறும் தால்ச்சாவும். மூடியில் எனக்கு எடுத்து வைத்தாள். என்னை யாரும் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வைத்ததில்லை என்று சொன்னால் நீங்கள் மிகைப்படுத்துகிறேன் என்பீர்கள். அதனால் சொல்லவில்லை.

பிறகு அவள் வரவில்லை. கோபமெல்லாம் ஒன்றுமில்லை. அவளுக்கு வேலை இருந்தது. மதியத்தில் அவளோடு போன் எடுக்கும் மேனகா அக்காவோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். என்னைப் பார்த்தால் தூரத்திலிருந்து கையை ஆட்டினாள். அவள் போன் நன்றாக இருந்தது. அவள் என்னிடம் வரக் காரணம் எதுவும் இல்லை. எந்த வேலையிலும் காரணத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பதினேழாம் போர்ட்டை ஆளில்லாத ஒரு வீலேன் எண்ணுக்கு மாற்றினேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள். "கலை, மறுபடியும் செத்துப்போச்சுடி" என்று சொல்லிக்கொண்டே அட்டைப்பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவ்வளவு சுலபமாக இருந்தது. நான் வயரைக் கழற்றிப் பார்த்தேன், வேறு வயர் போட்டுப் பார்த்தேன், ஒவ்வொன்றாகச் சோதிப்பது போல நேரமெடுத்துக்கொண்டேன். அதுவரை அவள் பேசினாள். பிறகு எண்ணைப் பழையபடி மாற்றினேன். "நீ இல்லன்னா என் பொழப்பு நாறிடும்" என்றாள்.

இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஒரு நாற்காலியில் போனை எடுக்காவிட்டால் அழைப்பு அடுத்த நாற்காலிக்குப் போகும். அங்கேயும் எடுக்காவிட்டால் அதற்கு அடுத்தது. நான் அதையெல்லாம் யோசித்துத்தான் செய்தேன்.

இன்னொன்றும் யோசித்தேன். சுவிட்சில் எண்ணை மாற்றிவிட்டு அதைச் சேமிக்க வேண்டும். சேமிக்காவிட்டால், சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டதும் மாற்றம் மறைந்து பழைய நிலைமை வந்துவிடும். எங்கள் மேலாளர் சக்கரபாணி சாருக்கு எந்தக் கோளாறுக்கும் ஒரே வைத்தியம்தான். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்பார். நான் தாமதித்தால் அவரே வந்து அணைத்துப் போடுவார். எல்லாம் சரியாகிவிடும். "பார்த்தியா? இதுக்குப் போய் இவ்ளோ நேரமா முழிச்சிக்கிட்டு நிக்கிற. வாயிலயும் கொழுக்கட்டை, கையிலயும் கொழுக்கட்டை" என்பார். நான் செய்ததை ஒவ்வொரு முறையும் அவர் கையாலேயே அழித்துவிட்டுப் போனார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். எனக்கு அவர் மேல் வருத்தமில்லை.

நாளாக ஆக, கூடத்தில் பேச ஆரம்பித்தார்கள். மற்ற போன்களுக்கெல்லாம் ஒன்றும் ஆவதில்லை, நூரீன் போன் மட்டும் அடிக்கடி சாகிறது என்றால் என்ன அர்த்தம் என்றார்கள். சுவிட்சுக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அவளை வேறு மேசைக்கு மாற்றினார்கள். வயரும் அவளோடு போனது, பதினேழும் அவளோடு போனது. "வேலை செய்ய வலிக்குது மகாராணிக்கு. போனைக் கெடுத்துட்டு ஏசி ரூம்ல போய் ஒக்காந்துக்குறா" என்று மேனகா அக்கா சொன்னார். "வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா நூரீன் போனும் தொழப் போயிடும்" என்று ஒருநாள் சொன்னார். கூடமே சிரித்தது. நூரீனும் சிரிக்கப் பார்த்தாள். அன்று மதியம் அவள் மேனகா அக்காவோடு சாப்பிடவில்லை. என்னிடம் வந்தாள்.

"ஒனக்குத்தான்டி தெரியும், நான் ஒண்ணும் பண்ணலன்னு. நீயாச்சும் சார்கிட்ட சொல்லேன்."

தலையை ஆட்டினேன். சொல்லவில்லை. அவளைப் பற்றி நான் ஒருமுறைகூடத் தப்பாகப் பேசியது கிடையாது, மேடம். யாரிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்த அன்று அவள் அந்த அட்டைப்பெட்டியில் உட்கார்ந்து அழுதாள். என் துப்பட்டாவைக் கொடுத்தேன். அழுதபோது என் தோளில் சாய்ந்துகொண்டாள். அன்று முழுவதும் நான் நன்றாக வேலை செய்தேன்.

அவள் என்னிடம் அதிகமாகப் பேசியது செல்வாம்பாள் என்ற அம்மாளைப் பற்றி. சொல்தாவாக இருந்த கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் பிரான்சில். முத்தியால்பேட்டையில் ஒரு பெரிய வீட்டில் தனியாக இருந்தார். அவர் பொத்தானை அமுக்கினால் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. "பொன்ழூர் நூரீன். சும்மாதாம்மா, நீ இருக்கியான்னு பார்த்தேன்" என்பாராம். இவள் திட்டுவாளாம், பிறகு பேசுவாளாம். மாத்திரை போட்டாயா, கஞ்சி குடித்தாயா, டிவி பார்த்தாயா என்று. மற்றவர்கள் எடுத்தால் அவர் ஒன்றும் பேசாமல் வைத்துவிடுவார். கூடத்தில் அந்த அம்மாளுக்குப் பெயர் 'சும்மா பாட்டி'.

"பாவம்டி. பேச ஆளில்லாம பட்டனை அமுக்குது. அதுக்குப் போய்க் கோவப்படவா முடியும்?" என்று நூரீன் சொன்னாள்.

நான் அதைப் பற்றி நிறைய நேரம் யோசித்தேன். கோபப்பட முடியாது என்று அவளே சொன்னாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வீராம்பட்டினம் தேர் அன்று ஊருக்கே விடுமுறை. எங்கள் வேலைக்கு விடுமுறை கிடையாது, ஆனால் எல்லோருக்கும் தேருக்குப் போக வேண்டும். நூரீனை ஒருத்தியை உட்கார வைத்துவிட்டு மற்றவர்களை அனுப்பிவிட்டார் சக்கரபாணி சார். "ஒனக்கு இன்னா, தேரா திருவிழாவா? நீ பார்த்துக்கோம்மா. ஏதாச்சும்னா என் செல்லுக்கு வரும்" என்றார். எனக்கும் விடுமுறைதான். நான் வந்தேன். காலையிலேயே எழுந்து வஞ்சிர மீன் வறுத்து, சாதம் கட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். கூடத்தில் அவளும் நானும் மட்டும் இருப்போம். அவ்வளவு பெரிய கூடம்.

அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

"இன்னிக்கு வேணாம் கலை. செல்வாம்பாள் அம்மாவுக்குக் காலையிலேருந்தே ஒடம்பு சரியில்ல. டாக்டருக்குச் சொல்லியிருக்கேன், சாயங்காலம்தான் வருவாராம். நான் இங்கேயே இருக்கணும். நீ லீவுதானே, போய்த் தேர் பாரேன்டி. எப்பப் பாரு இங்கேயே கெடக்குற."

அவள் அன்பாகத்தான் சொன்னாள். போ என்று சொன்னாள், ஆனாலும் அன்பாகச் சொன்னாள். அவளுக்குக் கட்டியிருந்த டப்பாவை மேசையில் வைத்தேன். அதைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி வைத்தாள், போனுக்கு இடம் வேண்டும் என்று.

நான் சுவிட்ச் அறைக்குப் போய்ப் பதினேழாம் போர்ட்டை ஆளில்லாத எண்ணுக்கு மாற்றினேன். அவள் வருவாள் என்று காத்திருந்தேன். அவள் வரவில்லை. காரணம் பிறகுதான் எனக்குப் புரிந்தது. மற்ற நாட்களில் அவள் வெளியே யாரையாவது கூப்பிடுவதற்காகப் போனை எடுப்பாள், அப்போது தெரிந்துவிடும். அன்று அவள் எடுக்கவே இல்லை. செல்வாம்பாள் அம்மா கூப்பிடும்போது லைன் காலியாக இருக்க வேண்டும் என்று போனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். போனில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

அந்த நேரத்தில் யார் கூப்பிடுவார்கள் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டேன். எல்லாம் சரியாகிவிட்டது. வீட்டுக்குப் போனேன்.

செல்வாம்பாள் அம்மாளைச் சாயங்காலம் டாக்டர் வந்து பார்த்தபோது, சமையலறை வாசலில் உயிரில்லாமல் கிடந்தார். பொத்தான் கைக்குள் இருந்ததாம்.

மகன் விமானத்தில் வந்தார். அழைப்புப் பதிவைக் கேட்டார். பதிவில் எல்லாம் இருந்தது: அழைப்பு வந்தது, நூரீன் நாற்காலிக்கு அனுப்பப்பட்டது, எடுக்கப்படவில்லை. பிறகு சக்கரபாணி சாரின் செல்லுக்கும் போயிருக்கிறது. அவர் தேர்க் கூட்டத்தில் மேளச் சத்தத்தில் இருந்தார். அதை யாரும் குற்றம் என்று சொல்லவில்லை.

"அடிக்கவே இல்ல சார். அல்லா மேல சத்தியமா போன் அடிக்கவே இல்ல" என்று நூரீன் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

சார் எல்லோருக்கும் முன்னால் என்னைக் கூப்பிட்டார். "போர்ட்ல ஏதாச்சும் கோளாறு இருக்கா, பாரு" என்றார். நான் பார்த்தேன். பதினேழு சரியான எண்ணில் இருந்தது.

"இல்ல சார். எல்லாம் சரியா இருக்கு" என்றேன்.

இது பொய்யில்லை, மேடம். அவர் கேட்ட நேரத்தில் சரியாகத்தான் இருந்தது. அத்தனை பேர் முன்னால் நான் முழுதாக ஒரு வாக்கியம் பேசியது அதுதான் முதல் தடவை. எல்லோரும் என்னை நம்பினார்கள். மேனகா அக்கா, "வாயத் தொறக்காத பொண்ணே சொல்லுது, அப்புறம் இன்னா?" என்றார். நூரீனை அன்றே வேலையை விட்டு அனுப்பினார்கள். மகன் உங்களிடம் வந்து புகார் கொடுத்தார். தவளக்குப்பத்து வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மேலே ஓரிடத்தில் நான் சரியாக எழுதவில்லை. அடித்து எழுதினால் நன்றாக இருக்காது, இங்கே எழுதுகிறேன். யார் கூப்பிடுவார்கள் என்று யோசிக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். சுவிட்ச் அறையில்தான் அழைப்புகளைப் பிரித்து அனுப்பும் கம்ப்யூட்டரும் இருக்கிறது. அழைப்பு வந்தால் அதன் திரையில் பெயர் சிவப்பாக வரும். செல்வாம்பாள் என்று வந்தது. போனது. மறுபடி வந்தது. 'சும்மா பாட்டி' சும்மாதான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன் என்று எழுதலாம். ஆனால் உடம்பு சரியில்லை என்று நூரீன் என்னிடம் சொல்லியிருந்தாள். நான் திரைக்கு எதிரில் உட்கார்ந்து என் பங்கு மீனைச் சாப்பிட்டேன். ஓரிரு வார்த்தை அடித்தால் போர்ட் பழையபடி ஆகிவிடும். கைகழுவிவிட்டு அடிக்கலாம் என்று இருந்தேன். அதற்குள் நூரீன் வந்துவிடுவாள் என்றும் இருந்தேன். பெயர் திரும்பத் திரும்ப வந்தது. பிறகு வரவில்லை. வராமல் போன பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டேன்.

அந்த அம்மாளுக்குப் பேச நூரீன் இருந்தாள். பொத்தானை அமுக்கிய போதெல்லாம் இருந்தாள். ஒருநாள் இல்லை. எனக்கு எல்லா நாளும் அப்படித்தான், நான் ஒன்றும் சாகவில்லை.

இதையெல்லாம் நான் நூரீனுக்காகத்தான் எழுதித் தருகிறேன். அவள் போனை எடுக்காமல் இல்லை. அவள் பொய் சொல்லவில்லை. புகாரை அவள் மேலிருந்து எடுத்துவிடுங்கள். எடுத்த பிறகு அவளைப் பழைய நாற்காலியிலேயே உட்கார வைக்கும்படி சக்கரபாணி சாருக்கு நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும். பதினேழை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன்.

நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விக்கு வருகிறேன். நூரீன் உங்களிடம் வந்து சொன்னது அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். நான்தான் சொன்னேன். நேற்று அவள் தன் பொருட்களை எடுத்துப்போக வந்தாள். யாரும் அவளைப் பார்க்காத மாதிரி இருந்தார்கள். அவள் நேராக சுவிட்ச் அறைக்கு வந்து, அதே அட்டைப்பெட்டியில் உட்கார்ந்தாள். மெலிந்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன் கலை. அன்னிக்கு மத்தியானம் என் போன் திடீர்னு அணைஞ்சு திரும்ப எரிஞ்சுது. ஃபேன் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. கரண்ட் போகல. போன் மட்டும் எப்படிடி அணையும்?"

எவ்வளவு சரியான கேள்வி பாருங்கள். மகன் கேட்கவில்லை, சார் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. போனுக்கு மின்சாரம் சுவிட்சிலிருந்து போகிறது, சுவிட்சை யாரோ அணைத்தால்தான் அது அணையும் என்று சொன்னேன். யார் என்று அவள் கேட்கவில்லை. நானே சொன்னேன். முதல் தடவை செய்ததிலிருந்து, திரையில் பெயர் வந்தது வரை, ஒன்று விடாமல். எனக்குத் திக்கவே இல்லை. யாரிடமும் நான் இவ்வளவு நேரம் பேசியதில்லை. எதற்காகச் செய்தேன் என்பதையும் சொன்னேன். நீ வந்து உட்காருவாய் என்பதற்காக என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேச ஆளில்லாமல் பொத்தானை அமுக்குகிறவர்கள் மேல் கோபப்பட முடியாது என்று அவளே சொல்லியிருக்கிறாள், எனக்கு நினைவிருந்தது. சொல்லி முடித்ததும், அவளுடைய முறை என்று காத்திருந்தேன்.

எழுந்தாள். கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டியைக் குனிந்து எடுத்துச் சுவரோரம் வைத்தாள். கோபத்தில் போகிறவர்கள் கதவை அறைந்து சாத்துவார்கள், மேடம். நூரீன் கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனாள்.